மழை பொய்த்த வருடத்தில் யாருக்கு முதல்?

இலங்கையில் 103 ஆற்றுப் படுகைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட இன்னொரு நாட்டுக்குள் போவதில்லை, இன்னொரு நாட்டிலிருந்து வருவதும் இல்லை. இங்கே விழும் மழை இங்கேயே ஓடிக் கடலுக்குப் போகிறது. அப்படிப்பட்ட தீவின் தலைநகரில் இருந்துகொண்டு, நாடுகள் பங்குபோடும் ஆறுகளைப் பற்றி முப்பது வருடம் ஆராய்ச்சி செய்த ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அவர் என் ஆசிரியர். நாங்கள் எல்லோரும் "சேர்" என்றே கூப்பிட்டோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார்.

2009 முடிவிலிருந்து ஆறு வருடம் அவருக்கு ஆய்வு உதவியாளராக இருந்தேன். இப்போது நானும் கற்பிக்கிறேன். நீர் அரசியல் படிக்கலாமா, படித்தால் பிழைக்க முடியுமா என்று கேட்டு வருடா வருடம் இரண்டு மூன்று பிள்ளைகள் என் அறைக்கு வருவார்கள். அவர்களுக்குச் சேரின் கட்டுரைப் பட்டியலைக் கொடுத்துப் பயனில்லை. அது நூலகத்தில் கிடைக்கும். நான் கொடுக்க விரும்புவது 2011இல் அவர் எழுதிய ஏழு பக்கக் குறிப்பு ஒன்றை. அதில் அவர் பிழைவிட்டார். அந்தப் பிழையில் நின்று பார்த்தால்தான் அவருடைய முப்பது வருடமும் சரியாகத் தெரியும் என்று நினைக்கிறேன். இதை எழுதச் சொன்னவரும் அவர்தான்.

கிணற்றுப் பங்கு

சேர் 1958இல் வடமராட்சியில் பிறந்தார். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கி நிற்கும் மழைநீர்தான் குடிப்பதற்கும் தோட்டத்துக்கும். கிணறு வெட்டுவது பெரிய செலவு என்பதால் ஒரே கிணற்றில் பல குடும்பங்களுக்குப் பங்கு இருக்கும். காணி உறுதியிலேயே கிணற்றுப் பங்கும் வழி வாய்க்காலும் எழுதப்படும். அவருடைய தாயாரின் சீதனக் காணிக்கு அப்படி ஆறில் ஒரு பங்கு இருந்தது. ஆறு குடும்பம், ஆளுக்கு ஒரு நாள் இறைப்பு.

ஆவணி, புரட்டாதியில் கிணறு அடிதட்டும்போது அந்த நாள்முறை சரிவராது. ஒருவர் முழு நாளும் இறைத்தால் அடுத்த நாள்காரருக்கு ஊறாது. அப்போது பங்காளிகள் கிணற்றடியில் கூடி, நாளை மணித்தியாலமாக மாற்றிக்கொள்வார்கள். சண்டை வரும். ஒருமுறை மண்வெட்டியும் தூக்கினார்களாம். ஆனால் எந்த வருடமும் அந்தக் கூட்டம் நடக்காமல் விட்டதில்லை.

வகுப்பில் அவர் இதை ஊர் ஞாபகமாகச் சொல்லி நிறுத்தமாட்டார். பலகையில் இரண்டு படம் கீறுவார். ஒன்று, அண்ணன் தம்பி வளவைப் பிரித்து நடுவில் வேலி போட்ட படம். மற்றது, வேலிக்கு நடுவில் ஒரு கிணறு. உலகத்தில் இருக்கிற ஆற்று ஒப்பந்தங்களை எல்லாம் இந்த இரண்டில் எதற்குள் வைக்கலாம் என்று கேட்பார்.

கொழும்பில் புவியியல் படித்துக்கொண்டிருந்தவர், 83 கலவரத்தில் கப்பலில் யாழ்ப்பாணம் போய், இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தார். பிறகு புலமைப்பரிசில் கிடைத்து வெளிநாட்டில் ஆராய்ச்சிப் படிப்பு. எடுத்துக்கொண்ட தலைப்பு சிந்து நதி. 1960 செப்டம்பர் 19 அன்று கராச்சியில் நேருவும் அயூப் கானும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், உலக வங்கி நடுவில் நின்று கிட்டத்தட்ட ஒன்பது வருடம் பேசிப் பெற்றது. ராவி, பியாஸ், சட்லெஜ் இந்தியாவுக்கு. சிந்து, ஜீலம், செனாப் பாகிஸ்தானுக்கு. வேலி போட்ட வளவு. மூன்று போர்களைத் தாண்டி அது நின்றதற்குக் காரணம் இருவரும் ஒரே ஆற்றுக்குள் கைவைக்கத் தேவையில்லாமல் போனதுதான் என்பது அவருடைய வாதம். 2025 ஏப்ரலில், பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு, இந்தியா அந்த ஒப்பந்தத்தை நிறுத்திவைத்தபோது நான் அவருக்கு உடனே தொலைபேசி எடுத்தேன். நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. "வேலியிலே கை வைச்சிட்டினம், பிள்ளை" என்று மட்டும் சொன்னார்.

பத்து நாளுக்கு ஒரு வரி

அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது சிந்து அல்ல, கங்கை. அது கிணற்றுப் பங்கு.

வங்காளதேச எல்லைக்கு மேலே கிட்டத்தட்ட 18 கிலோமீற்றரில் ஃபராக்கா தடுப்பணை இருக்கிறது. கங்கையின் கிளையான ஹூக்ளியில் படியும் வண்டலைக் கழுவிக் கொல்கத்தாத் துறைமுகத்தைக் காப்பாற்றக் கட்டியது, 1975இல் இயங்கத் தொடங்கியது. கோடையில் அங்கே எவ்வளவு திருப்புகிறார்களோ அவ்வளவு கீழே குறையும். 1977இல் ஐந்து வருடத்துக்கு ஓர் உடன்படிக்கை வந்தது. ஆறு எவ்வளவு வற்றினாலும் வங்காளதேசத்துக்கு அதன் பங்கில் 80 வீதம் நிச்சயம் என்று அதில் ஒரு வரி இருந்தது. 1996 டிசம்பர் 12 அன்று தேவ கௌடாவும் ஷேக் ஹசீனாவும் கையெழுத்திட்ட முப்பது வருட ஒப்பந்தத்தில் அந்த வரி இல்லை.

அதற்குப் பதில் ஓர் அட்டவணை இருக்கிறது. ஜனவரி 1இலிருந்து மே 31 வரை, பத்துப் பத்து நாளாகப் பிரித்தது. ஃபராக்காவில் விநாடிக்கு 70,000 கன அடி அல்லது அதற்குக் குறைவாக வந்தால் பாதிப் பாதி. 70,000க்கும் 75,000க்கும் இடையில் என்றால் வங்காளதேசத்துக்கு 35,000, மீதி இந்தியாவுக்கு. 75,000க்கு மேலே இந்தியாவுக்கு 40,000, மீதி கீழே. 50,000க்குக் குறைந்தால் இரண்டு அரசுகளும் உடனே கூடிப் பேச வேண்டும். பேசி, நியாயமாக அவசர மாற்றம் செய்ய வேண்டும் என்பதைத் தாண்டி அந்த இடத்தில் எந்த எண்ணும் இல்லை.

சேர் அந்த அட்டவணையோடு வருடக்கணக்கில் வாழ்ந்தார் என்று சொன்னால் மிகையில்லை. அவர் கண்டுபிடித்து எழுதியது இதுதான். அட்டவணையில் உள்ள எண்கள் 1949 முதல் 1988 வரையான நாற்பது வருடச் சராசரி. அந்த நாற்பது வருடத்தில் மேலே உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் பாசனம் பெருகிக்கொண்டே வந்தது. ஆகவே சராசரி காட்டும் ஆறு 1997இல் ஓடிய ஆறு அல்ல. ஒப்பந்தம் வந்து முதல் கோடையிலேயே, மார்ச் கடைசியில், ஓட்டம் அட்டவணைக்கு வெகு கீழே போனது. டாக்காவில் ஏமாற்றிவிட்டார்கள் என்றார்கள். டெல்லியில் ஆறே வற்றிவிட்டது என்றார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, சராசரிதான் பொய் சொன்னது என்று அவர் எழுதினார்.

கொழும்பில் இருந்தது இங்கே அவருக்கு உதவியது. இந்தியாவில் கங்கைப் படுகை நீரளவுகள் பொதுவில் கிடைக்காதவை. ஆனால் ஓய்வுபெற்ற பொறியியலாளர்கள் டெல்லியிலும் டாக்காவிலும் இவரை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்துப் பேசினார்கள். ஆற்றில் பங்கில்லாத நாட்டுக்காரர் என்பதால் யாருக்கும் பயமில்லை. பத்தரமுல்லைப் பக்கம் பெலவத்தையில் இருக்கும் சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் நூலகம் இன்னொரு உதவி. வெள்ளவத்தையிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போவார். நானும் பின்னாளில் அதே வழியில் பல நூறு தடவை போயிருக்கிறேன்.

உள்ளூரில்தான் கஷ்டம். புவியியல் துறை இது அரசியல் என்றது, அரசியல் துறை இது பொறியியல் என்றது. ஒரு பதவி உயர்வு நேர்முகத்தில், "இலங்கைக்கு எல்லை தாண்டும் ஆறே இல்லையே, இதற்கு ஏன் இங்கே ஒரு பேராசிரியர்?" என்று கேட்டார்கள். இரண்டு வருடம் தள்ளிப்போனது. தமிழில் எழுதிய எதற்கும் புள்ளி கிடையாது. இந்தத் துறைக்கு வர நினைக்கும் பிள்ளைகளுக்கு இதை மறைக்காமல் சொல்கிறேன், இப்போதும் பெரிதாக மாறவில்லை.

2006 ஜூலையில் அந்த நேர்முகக் கேள்விக்குப் பதில் மோசமான விதத்தில் வந்தது. மகாவலியின் கிளையான வெருகல் ஆற்றிலிருந்து பிரியும் மாவிலாற்றின் துருசை, அதாவது நீரைத் திறந்து மூடும் மதகை, விடுதலைப் புலிகள் மூடினார்கள். கீழே சிங்கள, முஸ்லிம், தமிழ் விவசாயிகளின் வயல்கள். அதைத் திறக்க இராணுவம் போனது. அங்கிருந்துதான் கடைசிப் போர் தொடங்கியது. எல்லை தாண்டாத ஆற்றுக்கும் மேல் கீழ் உண்டு என்பதை நாடே பார்த்தது. பத்திரிகைகள் அவரிடம் கட்டுரை கேட்டன. அவர் எழுதவில்லை. வெள்ளவத்தையில் இரவில் வீடு வீடாகச் சோதனை நடந்த காலம் அது, ஒரு தமிழ் விரிவுரையாளர் அதைப் பற்றி எதை எழுதினாலும் ஒரு பக்கத்தின் சாட்சியாகத்தான் வாசிக்கப்பட்டிருக்கும். அவர் மௌனமாக இருந்ததை நான் குறை சொல்லமாட்டேன். அவர் சொல்லிக்கொள்கிறார்.

ஏழு பக்கம்

போர் முடிந்ததும் இரணைமடு வந்தது. கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய குளம், கிளிநொச்சியில் இருபதாயிரம் ஏக்கருக்கு மேல் பாயும். யாழ்ப்பாணத்தில் கிணறுகள் உவர்ந்துகொண்டும், உரத்தால் நைத்திரேற்று ஏறிக்கொண்டும் இருந்தன. 2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கி கடன் கொடுத்த திட்டத்தில், இரணைமடுவிலிருந்து நாளொன்றுக்கு 27,000 கன மீற்றர் குடிநீர் வடக்கே எடுப்பதாக இருந்தது. கிளிநொச்சி விவசாயிகள் மறுத்தார்கள்.

2011இல் ஓர் ஆலோசனைக் கூட்டத்துக்காகச் சேரிடம் கருத்துக் கேட்டார்கள். அவர் எழுதினார், நான் கணக்குப் போட்டேன். கணக்கு இலகு. வருடத்துக்கு ஒரு கோடி கன மீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. குளம் நிறைந்தால் பதின்மூன்று கோடி. பத்தில் ஒரு பங்குகூட இல்லை. குளக்கட்டை உயர்த்தினால் அந்த இழப்பும் ஈடாகிவிடும். மேலே சட்டமும் இருந்தது: எல்லை தாண்டும் நீர்வழிகள் பற்றிய 1997ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கை மனிதரின் உயிர்த்தேவைக்குத் தனி இடம் கொடுக்கச் சொல்கிறது. குடிநீருக்கு முதலிடம், விவசாயிகளின் பயம் ஆதாரமற்றது என்று குறிப்பு முடிந்தது. "ஆதாரமற்றது" என்ற சொல்லைத் தட்டெழுதியது நான்தான். அன்றைக்கு எனக்கு அது உறுத்தவில்லை.

கிளிநொச்சியில் ஒரு மண்டபத்தில் அதை வாசித்தார். தகரக் கூரை, நல்ல வெயில். முன்வரிசையில் இருந்த வயதான கமக்காரர் ஒருவர் எழுந்து, கோபமில்லாமல் கேட்டார்: "தம்பி, நிறைஞ்ச குளத்திலே பங்கு கேட்டா ஆரும் குடுப்பினம். மழை பொய்க்கிற வருசம் ஆர் முதல் பூட்டுறது? அவையின்ரை பைப்போ, எங்கடை துருசோ?"

சேரிடம் பதில் இல்லை. திரும்பி வரும் பஸ்ஸில் அந்தக் குறிப்பின் பின்பக்கத்தில் கணக்கைத் திரும்பப் போட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். குளம் வடகீழ்ப் பருவமழையில் நிறைவது. மாரிப் பயிரான காலபோகம் மழையிலேயே பெரும்பாலும் ஒப்பேறிவிடும். மிஞ்சுவதை வைத்துத்தான் கோடைப் பயிரான சிறுபோகம், அதுவும் குளத்தின் மட்டத்தைப் பார்த்துக் கூட்டம் போட்டு, இத்தனை ஏக்கர் என்று வரையறுத்துச் செய்வது. சிறுபோகத்தில் ஓர் ஏக்கர் நெல்லுக்கு நாலைந்து ஏக்கர் அடித் தண்ணீர் வேண்டும் (ஓர் ஏக்கரில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் நீர்தான் ஓர் ஏக்கர் அடி). குடிநீருக்குக் கேட்டது வருடத்துக்குச் சுமார் எட்டாயிரம் ஏக்கர் அடி. ஆக, கிட்டத்தட்ட 1,600 முதல் 2,000 ஏக்கர் சிறுபோகம். நல்ல வருடத்தில் அது தெரியாது. குளம் கால்வாசியில் நிற்கும் வருடத்தில், குழாய் ஒவ்வொரு நாளும் தன் பங்கை எடுக்கும், வயல்தான் விட்டுக்கொடுக்கும். எங்களுடைய "பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு" நிறைந்த குளத்துக்கான கணக்கு. கங்கை அட்டவணையில் எதைப் பிழை என்று அவர் பதினாலு வருடம் சொல்லிக்கொடுத்தாரோ, அதைத்தான் சொந்த மண்ணில் நாங்கள் செய்திருந்தோம்.

ஏன் அவருக்குத் தெரியாமல் போனது? நான் இதைப் பல வருடமாக யோசித்திருக்கிறேன். அவர் யாழ்ப்பாணத்தார், கிணறு உவர்வதன் வலி அவருக்குச் சொந்த வலி என்பது ஒரு காரணம். மற்றக் காரணம் இன்னும் பாரமானது. நீர் அரசியல் ஆய்வாளர்களான மார்க் ஸைத்தூனும் ஜெரோன் வார்னரும் 2006இல் நீர் மேலாதிக்கம் பற்றி எழுதியதை அவர்தான் எங்களுக்குக் கற்பித்தார். மேலே இருப்பவர்தான் பலசாலி என்று இல்லை. எகிப்து நைலின் கடைசியில் இருந்துகொண்டே, 1959இல் சூடானோடு செய்த ஒப்பந்தத்தில் 55.5 பில்லியன் கன மீற்றரைத் தனக்கு எழுதிவைத்துக்கொண்டது. நீர் பிறக்கும் எத்தியோப்பியாவுக்கு அதில் ஒரு துளியும் இல்லை. யாரிடம் எண் இருக்கிறது, யாரிடம் ஆட்கள் இருக்கிறார்கள், யார் பேச்சு அறிக்கையாகிறது என்பதில்தான் பலம். அந்தக் கண்ணால் பார்த்தால், இரணைமடுவில் தண்ணீர் கிளிநொச்சியிடம் இருந்தது, அதிகாரிகளும் பேராசிரியர்களும் வாக்குகளும் யாழ்ப்பாணத்திடம் இருந்தன. அந்தப் பேராசிரியர்களில் ஒருவர் தான்தான் என்பதை அவர் காணவில்லை.

இரண்டாவது பயணத்தில் இன்னொன்றும் தெரிந்தது. அந்த மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லோரும் வயல் உள்ளவர்கள். மலையகத்திலிருந்து 58, 77 கலவரங்களில் அடிபட்டு வந்து குடியேறிய குடும்பங்கள் பலவற்றுக்குக் குளத்தின் கீழ் ஒரு துண்டு வயலும் இல்லை, கூலிக்குப் போகிறார்கள். சிறுபோகம் குறைந்தால் முதலில் வேலை போவது அவர்களுக்கு. குடிநீருக்காகக் குடத்தோடு நடப்பதும் அவர்கள்தான். இரண்டு பக்கத்தின் வழக்குக்குள்ளும் அவர்கள் வரவில்லை. கடைமடைக்கும் கீழே ஒரு மடை இருப்பதை எந்த ஒப்பந்த வாசிப்பும் எனக்குக் காட்டியிருக்காது.

பிறகு அவர் எங்கே தேடினார்

அந்தக் குறிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக அவர் கடிதம் எழுதினார். ஏற்பாட்டாளர்கள் அதைக் கோப்பில் போட்டுவிட்டு, பழைய குறிப்பையே தொடர்ந்து மேற்கோள் காட்டினார்கள். அப்புறம் அவருடைய ஆராய்ச்சி திசை மாறியது. கங்கை, நைல், மீகொங் எல்லாவற்றையும் ஒரே கேள்வியோடு திரும்பப் படித்தார்: தண்ணீர் இல்லாத வருடத்துக்கு இதில் என்ன எழுதியிருக்கிறது? காவிரிக்கு உச்ச நீதிமன்றம் 2018இல் தமிழ்நாட்டுக்கு 404.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி), கர்நாடகத்துக்கு 284.75 என்று பிரித்தது சாதாரண வருடத்துக்கு. 2023இல் பருவமழை தவறியதும், பற்றாக்குறையை எப்படிக் கணக்கிடுவது என்பதில்தான் சண்டை வெடித்தது. நீல நைலில் 74 பில்லியன் கன மீற்றர் கொள்ளும் எத்தியோப்பிய அணை விஷயத்திலும் எகிப்து வற்புறுத்திக் கேட்டது அதைத்தான்: தொடர் வறட்சியில் எவ்வளவு விடுவாய் என்று கையெழுத்துப் போட்டுக் கொடு.

பதிலை அவர் கண்ட இடம் அம்பாறை. கல்லோயா, நம் பெயரில் பட்டிப்பளை ஆறு, அதன் இடதுகரை. தலைமடையில் சிங்களக் கமக்காரர், கடைமடையில் தமிழர். எண்பதுகளின் தொடக்கத்தில் கோர்னெல் பல்கலைக்கழகத்தின் நோர்மன் அப்ஹோஃபும் கொழும்பின் கமநல ஆராய்ச்சி நிறுவனமும் அங்கே ஒரு வேலை செய்தார்கள். படித்த இளைஞர்களை ஊருக்குள் குடியிருக்க வைத்து, ஒரே வாய்க்காலில் வயல் வைத்திருக்கும் பத்துப் பதினைந்து பேரை முதலில் கூட்டி, தங்கள் வாய்க்காலைத் தாங்களே துப்புரவாக்கி, முறை வைத்துப் பாய்ச்சச் செய்தார்கள். சின்ன வாய்க்காலில் தொடங்கியது கரை முழுவதற்கும் அமைப்பாக வளர்ந்தது. 1997 சிறுபோகத்தில் குளத்தில் 15,000 ஏக்கருக்குத்தான் தண்ணீர் இருக்கிறது என்று பொறியியலாளர்கள் சொன்னபோது, அந்த அமைப்புகள் கூடிப் பேசி, சுமார் 65,000 ஏக்கரையும் விதைத்து நல்ல விளைச்சல் எடுத்தன. மேலே இருந்தவர்கள் கீழே விட்டார்கள். மற்ற இடங்களில் இரண்டு இனமும் ஒருவரை ஒருவர் கொன்றுகொண்டிருந்த வருடம் அது.

சேர் அங்கே ஐந்து போகம் போய்வந்தார். அவர் எழுதிய கட்டுரைகளில் எனக்கு மிகப் பிடித்தவை அந்தக் காலத்தவை. நல்லெண்ணத்தால் நடந்தது என்று அவர் எழுதவில்லை. பத்து வருடத்துக்கு மேலாக வாராவாரம் சின்னச் சின்ன விஷயத்துக்குக் கூடிப் பழகியவர்களால்தான் பெரிய வறட்சியில் கூட முடிந்தது. தண்ணீர் எவ்வளவு வருகிறது என்பதை இரண்டு பக்கமும் ஒரே அளவுகோலில் நின்று பார்த்தார்கள், டெல்லியும் டாக்காவும் போலத் தனித்தனியாக அல்ல. எனக்கு இதில் ஒரு சந்தேகம் உண்டு, அவரிடமும் சொல்லியிருக்கிறேன். ஒரே வாய்க்காலில் உள்ளவர்கள் முகம் பார்த்துப் பேசலாம். முகமே பார்க்காத இரண்டு மாவட்டங்கள், இரண்டு நாடுகள் எப்படிப் பழகுவது? 2020இல்தான் சீனா மீகொங் நீரளவை வருடம் முழுவதும் கீழ்நாடுகளுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டது, அதுவும் 2019 வறட்சிக்குப் பிறகு. அளவுகோலில் தொடங்கலாம் என்பது அவருடைய பதில். எனக்கு அது போதவில்லை, நான் இப்போது அதைத்தான் ஆராய்கிறேன்.

இரணைமடு வழக்கு தீர்க்கப்படவில்லை, கடலுக்குப் போனது. 2017இல் குடிநீரைக் கடலிலிருந்து எடுப்பதென்று திட்டம் மாற்றப்பட்டது, 2024 ஆகஸ்ட்டில் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் சுத்திகரிக்கும் நிலையம் திறக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தில் குழாயைத் திறந்து நல்ல தண்ணீர் குடிக்கிற பிள்ளைகளைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் கடல்நீரை நன்னீராக்க மின்சாரம் நிறைய வேண்டும், அந்தச் செலவு எப்போதும் கூடவே வரும். ஒரே மொழி பேசும் இரண்டு மாவட்டங்கள் வறட்சிக்கு ஒரு விதி எழுதிக்கொள்ள முடியாமல் போனதற்குக் கொடுத்த விலை அது என்று நான் நினைக்கிறேன்.

சேர் 2023இல் ஓய்வுபெற்றார். வெள்ளவத்தை வீட்டில் ஞாயிறு காலையில் நாலைந்து மாணவர்கள் வருகிறார்கள், பாடம் தமிழில். அந்தப் பாடங்களைப் புத்தகமாக்கும் வேலையில் நான் உதவுகிறேன். மூன்றாம் அத்தியாயம் அந்த ஏழு பக்கக் குறிப்பு. ஒரு சொல்லும் மாற்றாமல், பஸ்ஸில் பின்பக்கத்தில் போட்ட கணக்கோடு சேர்த்து. "ஆதாரமற்றது" என்ற சொல்லையாவது எடுத்துவிடலாமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். கங்கை அத்தியாயம்தான் இன்னும் முடியவில்லை. அந்த ஒப்பந்தத்தின் முப்பது வருடம் 2026 டிசம்பர் 12 அன்று முடிகிறது. அடுத்ததில் 50,000க்குக் கீழே என்ன எண் எழுதப்படுகிறது என்று பார்த்துவிட்டு மூடலாம் என்று கடைசிப் பக்கத்தை விட்டுவைத்திருக்கிறார்.